வேப்பிலை சிக்கிய கார்டு

ஓசூர்
12-4-1957

கண்ணு சாந்தாவுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம், ரசத்துக்கு உப்புப் போடத்தான் இன்னும் மறந்துபோகிறது. கோயம்புத்தூரில் நீயும் செல்வம்மாள் அத்தையும் சௌக்கியம் என்று கடிதத்தில் பார்த்து மனம் நிறைந்தது. அப்பாவுடைய மெஷின் என்ன செய்யும், என்னை எப்போது வீட்டுக்குக் கூட்டிப்போவீர்கள் என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய், முதல் கேள்வி சுலபம். எங்கள் பெங்களூர் கம்பெனியில் ஆளுக்கு ஒரு அட்டை உண்டு, கார்டு என்போம், அதில் பேனாவால் எழுதுவதில்லை, எண்பது வரிசையில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அதுதான் சேதி. பஞ்ச் மெஷின் ஓட்டை குத்தும், சார்ட்டர் ஓட்டையைப் பார்த்துக் கார்டுகளை இனம் பிரிக்கும், டேபுலேட்டர் எண்ணிப் பட்டியல் அச்சடிக்கும். மெஷினுக்கு ஞாபகமெல்லாம் கார்டில்தான், கார்டை எடுத்துவிட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது.

போன வாரம் ஒரு கூத்து. புதிதாகச் சேர்ந்த பியூன் முனிசாமி, பேரிகை ஊர்க்காரர், கார்டெல்லாம் பூச்சி அரித்துவிட்டது என்று பயந்து கட்டுக்கட்டாக வேப்பிலை சொருகி வைத்துவிட்டார். சார்ட்டர் கடகடவென்று அலறி நின்றுவிட்டது. "இத்தன ஓட்ட உழுந்திருக்குது, ஒருத்தனும் பாக்கலியா சாமி" என்று எங்களையே அதட்டினார், ஆபீசே சிரித்தது, ரொம்ப நாளைக்குப் பிறகு நானும் சிரித்தேன். சிக்கிக் கிழிந்த கார்டுகளில் என்னுடையதும் ஒன்று, வேறு குத்தவேண்டியதாயிற்று. அதில் மனைவி உண்டு என்றே எட்டு மாதமாக இருந்தது, உன் அம்மா சாமியிடம் போன பிறகு மாற்றவேண்டியவன் நான்தான், கை போகவில்லை. எல்லோரையும் மாராயா என்றே கூப்பிடும் பக்கத்து மெஷின் கோவிந்தப்பனுக்கு அது தெரியும், "ஏன் மாராயா, பழசப் பாத்து அப்டியே குத்திடு, யாரு கேக்கப் போறாங்க" என்றான். புதுக் கார்டை மெஷினில் வைத்தேன். பிறகு மனைவி இல்லை என்று குத்தினேன். அடுத்த வரிசை, கூட வசிக்கும் பிள்ளைகள். உன்னை அனுப்பியதிலிருந்து அங்கே பூஜ்யம். அதில் ஒன்று என்று குத்திவிட்டேன்.

காலை ஏழு மணி பஸ்ஸுக்கு நான் போய்விட்டால் உன்னை யார் பார்ப்பது என்றுதான் இத்தனை நாள் தயங்கினேன். பக்கத்து வீட்டுப் பூவம்மாளிடம் கேட்டேன், "இத கேக்க எட்டு மாசமா உனக்கு? புள்ளைய கூட்டியா மொதல்ல" என்று திட்டினாள். பரீட்சை முடிகிற அன்றே வருகிறேன். அத்தையிடம் பக்குவமாகச் சொல், அழுதால் நீயும் சேர்ந்து அழாதே. குத்திய ஓட்டையை அடைக்க வழியில்லை கண்ணு, நீ வந்துதான் ஆகவேண்டும்.

தீர்க்காயுசாக இரு. ஸ்லேட்டை மறந்துவிடாமல் எடுத்து வை.

உன் அப்பா,
ராமப்பன்