கடல் தெரியும் மொட்டை மாடி

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். தினமும் கடற்காற்று வாங்குகிறவருக்கு என்ன குறை? ஃபோனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுவேன், இல்லையென்றால் கத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதை ஒரு டப்பாவில் போட்டு, அப்பா வந்துதான் திறக்கவேண்டும் என்று வைத்திருக்கிறாள். அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை. தண்ணீர் மோட்டார்தான் மறுபடி மக்கர் செய்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேலை முடிந்ததும் நீங்கள் தங்கியிருக்கும் கட்டிடத்து மொட்டை மாடியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பதாகச் சொன்னீர்கள். உங்கள் அலுவலகக் கணக்காளர் அம்மாள் போடும் டீயைப் போல எங்கும் குடித்ததில்லை என்றும் சொன்னீர்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு, வாசலில் நின்றாலே கடல் என்று வர்ணித்ததும் நீங்கள்தான். நான் கேட்கவே இல்லை. கடல் நிஜமாகவே உங்கள் மாடியிலிருந்துதான் தெரிகிறதா என்று நானே பார்த்துவிடுவதென்று முடிவு செய்தேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியாததா? செல்போன் டவருக்கு இடம் பார்ப்பது. கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தால், அங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் பச்சையாகும். மேடு மறைக்கிற இடமெல்லாம் கறுப்பாகவே கிடக்கும். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் டவருக்குப் பதில் உங்களை வைத்துப் பார்த்தேன். உங்கள் தெரு பச்சை. எதிரே இருக்கும் மேடு வரை பச்சை. அதற்கப்பால் கடல் முழுக்கக் கறுப்பு. அந்த அம்மாள் வீட்டில் புள்ளி வைத்தேன். கடல் மொத்தமும் பச்சை! அப்படியானால் நீங்கள் டீ குடித்துக்கொண்டே கடல் பார்ப்பது அங்கிருந்துதானே? பிறகு எனக்கு எங்கே சாப்பாடு இறங்கும்? அதற்கப்புறம் நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை என்றேனே, அது பொய். மோட்டார்தான் ஓடவே இல்லையே.

நேற்று உங்கள் தங்கை வந்திருந்தாள். மனசு தாங்காமல் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். அவள் திரையின் ஓரத்தில் நான் உங்களுக்குப் போட்டிருந்த உயரத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணன் நாலு மாடி ஏறி நின்னுல்ல பார்க்கிறான்? நீங்க அவனைத் தெருவுல நிக்க வெச்சிருக்கீங்களே அண்ணி" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஓர் ஆள் உயரம் மட்டும்தான் போட்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு டவருக்குக்கூட உயரம் தப்பாகப் போட்டதில்லை; கட்டிய கணவருக்கு மாடி உயரத்தைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

சேர்த்ததும், மேட்டைத் தாண்டிக் கடல் பச்சையாக எட்டிப் பார்த்தது. நீங்கள் சொன்னது நிஜம்தான். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அந்த அம்மாள் வீடும் பச்சையாகிவிட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் தங்கை போன பிறகு இன்னொன்றும் செய்தேன், சிரிக்காதீர்கள். உங்களை மேலே மேலே ஏற்றிக்கொண்டே போனேன். டவர் உயரம், அதையும் தாண்டிய உயரம். அவர் வீட்டுத் துணிக்கொடிகூடத் தெரியும் போலிருந்தது. எவ்வளவு ஏற்றினாலும் நம் வீடு மட்டும் கறுப்பாகவே இருந்தது.

கடல் பார்த்தது போதும். லீவு கேளுங்கள். மாடியிலிருந்து இறங்கி, கிடைக்கிற பஸ்ஸில் ஏறி வாருங்கள். சின்னவள் டப்பாவைத் திறக்காமல் காத்திருக்கிறாள். நானும்தான்.

இப்படிக்கு,
டீ சுமாராகத்தான் போடத் தெரிந்த
உங்கள் மனைவி