மூன்று மொட்டையும் ஒரு சீப்பும்

பாவா,

இன்று காலை மலைக் கோயிலில் உங்கள் பேரனுக்கு முதல் மொட்டை போட்டோம். பிடிவாதத்தில் உங்களையே உரித்து வைத்திருக்கிறான். தலையில் தண்ணீர் தெளித்ததும் மண்டபமே அதிரும்படி கத்தினான். எல்லாம் முடிந்து அக்கா சந்தனத்தைக் குழைத்து அவன் தலையில் பூசினாள். அந்த ஈரச் சந்தன வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் இடது தொடை சுருக்கென்றது. ஊருக்கெல்லாம் சந்தனம் என்றால் சாமி ஞாபகம் வரும். எனக்குக் காய்ச்சல் ஞாபகம் வருகிறது. உடனே நீங்களும் வந்துவிடுகிறீர்கள்.

அந்த ஒரே வருஷத்தில் நான் மூன்று மொட்டை போட்டவன் அல்லவா? அரக்கோணம் ரோட்டில் பைக்கோடு விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே எஃகுக் கம்பி வைத்தார்கள். தையல் காய்வதற்குள் சீழும் குளிர் காய்ச்சலும் வந்தன. ஊசி மருந்து ஏற்றினார்கள், காய்ச்சல் இறங்கியது. அக்கா வேண்டிக்கொண்டிருந்தாள், காரில் மலைக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டுச் சந்தனம் பூசினாள். முடி கொஞ்சம் வளர்ந்தது, காய்ச்சல் திரும்பியது. இன்னும் பெரிய மருந்து, இன்னொரு மொட்டை. மூன்றாம் முறையும் அப்படியே. "இன்னாபா, மலையிலயே ரூம் எடுத்துட்டியா?" என்று ரயில்வே பணிமனை நண்பர்கள் போனில் கேலி செய்தார்கள். சிரித்துவிட்டுப் போனை வைப்பேன். மறுபடி வந்தால் காலையே எடுக்க நேரலாம் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்ததை அவர்களிடம் சொல்லவில்லை.

அக்காவைக் கட்டிய உங்களை நம் சொந்தக்காரர்கள் யாரும் டாக்டராகவே மதித்ததில்லை. நீங்கள் படித்தது கிருமிகளைப் பற்றி. மெடிக்கல் காலேஜ் லேபில் உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருக்கும் டாக்டர் நீங்கள். கல்யாண வீட்டில் யாராவது நாடியைப் பிடிக்கச் சொல்லிக் கையை நீட்டினால், "அதுக்கு வேற டாக்டர் கீறாரு" என்று நழுவிவிடுவீர்கள். ஊசி போடாத மாப்பிள்ளை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், அந்தக் கேலியில் எனக்கும் பங்கு உண்டு. உங்களுக்கும் அதில் ரோசம் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

என் சீழைப் பரிசோதித்ததெல்லாம் உங்கள் லேபில்தான். ஒவ்வொரு முறையும் இந்த மருந்து இந்தக் கிருமியைக் கொல்லும் என்று நீங்களே எழுதிக் கொடுத்தீர்கள். மருந்தும் சரியாகவே ஏறியது. காய்ச்சல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. புதிது புதிதாகக் கிருமி தொற்றுகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். வீடு சரியில்லை, தண்ணீர் சரியில்லை, மலைக்குக் கூட்டிப்போனதே தப்பு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அக்கா அழுதுகொண்டே வீட்டை டெட்டால் போட்டுக் கழுவுவாள்.

நான்காம் முறை காய்ச்சல் வந்த அன்று நீங்கள் லேபிலிருந்து நேராக வந்தீர்கள். எல்லாரும் நெற்றியில் கை வைப்பார்கள். நீங்கள் தலையில் வைத்தீர்கள். அரையும் குறையுமாக வளர்ந்திருந்த முடியை முன்னும் பின்னும் தடவினீர்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"போன தடவை காய்ச்சல் வந்தப்பவும் முடி இவ்ளோதான இருந்துச்சு?" என்று அக்காவைக் கேட்டீர்கள்.

"ஆங், இப்டித்தான் பிரஷ் மாதிரி குத்திகினு இருந்துச்சு. அதுக்கு முந்தியும் இதேதான். ஏன் கேக்குறீங்க?"

"புதுசா வர்ற கிருமி இவன் முடிய அளந்து பாத்துகினா வரும்? இது எங்கயும் போவல. உள்ளயே குந்திகினு இருக்குது. மருந்த நிறுத்துனா இவ்ளோ நாள்ல எழுந்துக்குது."

அன்றே கொஞ்சம் சீழ் எடுத்துக்கொண்டு போனீர்கள். முதல் முறை எடுத்த கிருமியை ஃப்ரீசரில் வைத்திருந்தீர்களாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தபோது உங்கள் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு இருந்தது. அதே கிருமி. வீட்டிலோ கோயில் குளத்திலோ இருப்பதல்ல, ஆஸ்பத்திரியிலேயே பிறந்து வளர்ந்து ஆபரேஷன் அன்றே கம்பியோடு உள்ளே போனது. அக்காவைப் பார்த்து, "உன் வீடு சுத்தமாத்தான் கீது, டெட்டால கீழ வையி. இது எங்க டாக்டருங்க வீட்டுப் புள்ள" என்றீர்கள். அதைக் கேட்டபின்தான் அவள் அன்று சாப்பிட்டாள்.

நான் விடவில்லை. இத்தனை வருஷம் பணிமனையில் இரும்போடு கிடந்தவன். "துருவே பிடிக்காத எஃகு பாவா அது. வழவழன்னு இருக்கும். அதுல இன்னா ஒட்டும்?" என்று வாதாடினேன்.

"நம்ம மலையடிவாரக் குளத்துப் படியும் வழவழன்னுதான் கீது. பாசி ஒட்டலயா? தண்ணிய எறச்சா பாசி போயிடுமா மச்சான்? சொரண்டணும்."

அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னீர்கள். மருந்தை வெட்டிப் போடும் கிருமி ஒரு ரகம். உள்ளே வந்த மருந்தை வெளியே துப்பிவிடும் கிருமி இன்னொரு ரகம். என் காலில் இருந்தது இரண்டும் இல்லை. கம்பியில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிப் பிசின் மாதிரி ஒரு போர்வையைச் சுரந்து, கூட்டமாக உள்ளே படுத்துவிட்டது. இரத்தத்தில் அலைகிறவற்றை மருந்து கொன்றுவிடும், காய்ச்சலும் இறங்கிவிடும். போர்வைக்குள் இருப்பவற்றில் சில தின்பதில்லை, வளர்வதில்லை, சும்மா கிடக்கும். "நாங்க குடுக்கிற மருந்து, வளர்ற கிருமியத்தான் சாகடிக்கும். தூங்குறது கிட்ட அதுக்கு வேலயே இல்ல. லேப் தட்டுல சாப்பாடு போட்டு வளக்குறோம், அதான் அங்க சாவுது. என் ரிப்போர்ட் பொய் சொல்லல மச்சான், ஆனா உன் காலு தட்டு இல்ல" என்றீர்கள்.

கம்பியை வெளியே எடுக்க வேண்டும் என்பதுதான் உங்கள் முடிவு. எலும்பு டாக்டர் தயங்கினார். அவர் தயங்கியதிலும் நியாயம் இருந்தது: எலும்பு இன்னும் சேரவில்லை, கம்பியை எடுத்தால் நிற்காது. போனில் நீங்கள் அவரோடு சண்டை போட்டதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். கடைசியில் கம்பியை எடுத்து, எலும்பைச் சுரண்டிக் கழுவி, காலுக்கு வெளியே எலும்பை அசையாமல் தாங்கும் சட்டம் மாட்டுவது என்று இருவரும் ஒத்துக்கொண்டீர்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, காலை எடுத்துவிட்டால் என்ன செய்வேன் என்று கேட்டேன். தைரியம் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். "எனக்கும் பயமாத்தான்டா கீது" என்றீர்கள். பிறகு, மலைக்கு வந்தால் சுண்டலுக்காகத்தான் வருவேன் என்று பேசுகிற நீங்கள், அக்காவைக் கூப்பிட்டு, "இந்தத் தடவ இவனுக்கு மொட்ட வேணாம். முடி வளரட்டும். சீப்பு போட்டு வார்ற அளவுக்குக் காய்ச்சல் வராம வளந்துச்சுன்னா, நான் போட்டுக்கறேன்" என்று வேண்டிக்கொண்டீர்கள்.

எடுத்த கம்பியை உங்கள் லேபுக்கே கொண்டுபோனீர்கள். அதில் சுரண்டியதை வளர்த்த தட்டைச் சீக்கிரம் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, சக்கர நாற்காலியில் என்னை வரவழைத்துக் காட்டினீர்கள். பெரிய புள்ளிகளுக்கு நடுவே ரவை மாதிரி குட்டிப் புள்ளிகள், பல நாள் கழித்து மெல்ல எழுந்தவை. "இதுங்கதான் உன் மொட்டைக்கெல்லாம் காரணம்" என்றீர்கள். முதல் பரிசு வாங்கியவர் மாதிரி உங்கள் முகம் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் விட்டது.

மருந்து ஒரு வேளை தப்பாமல் நீண்ட காலம் போனது. வெளிச் சட்டத்தோடு கட்டிலில் கிடந்தேன். மருந்தை நிறுத்திய பின், முன்பெல்லாம் காய்ச்சல் திரும்பிய அதே நாள் கணக்கு வந்த வாரம் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அக்கா நிமிஷத்துக்கு ஒருதரம் நெற்றியைத் தொட்டாள். காய்ச்சல் வரவில்லை. பிரஷ் எப்போதோ படிந்திருந்தது, இப்போது காதை மூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சட்டைப்பையிலிருந்து கறுப்புச் சீப்பு ஒன்றை எடுத்து, என் தலையில் வகிடு எடுத்துப் பார்த்தீர்கள். நேராக நின்றது. சீப்பை என் கையில் வைத்துவிட்டு, அக்காவைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனீர்கள். திரும்பி வந்தபோது உங்கள் தலை சந்தனத்தில் மினுமினுத்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்தில், "ஊசி போடாத மாப்பிள்ள வந்துட்டாரு" என்று ஒருவர் ஆரம்பித்தார். பந்தி நடுவில் எழுந்து வேட்டியைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். "இது இவரு குடுத்த காலு" என்றேன். "உக்கார்றா, மானத்த வாங்காத" என்று திட்டினீர்கள். ஆனால் அன்று நீங்கள் இரண்டாம் முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டீர்கள், நான் பார்த்தேன்.

நீங்கள் மாரடைப்பில் போனபோது உங்களைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். இடது கால் கொஞ்சம் குட்டைதான், விந்தித்தான் நடந்தேன். ஆனாலும் சுடுகாடு வரைக்கும் தோள் மாற்றவில்லை பாவா.

இன்று பேரனுக்கு முடிந்ததும் முடியெடுப்பவர் என் நரைத்த தலையைப் பார்த்து, "உங்களுக்கும் மொட்டைங்களா?" என்று கேட்டார். எனக்கு முன்னால் அக்கா பதில் சொன்னாள்: "இவனுக்கு இல்லீங்க. இவனுக்கு எங்க வீட்டுக்காரர் போட்டுட்டாரு."

முடியெடுப்பவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சட்டைப்பையிலிருந்து உங்கள் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டேன். பிறகு பேரனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, காரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, படி வழியாக இறங்கினேன்.