சமையலறைக் குழாயை அவர் தொட வேண்டாம்

மாடியில் குடியிருப்பவர் என் வேலையைத் திருடிக்கொண்டார். நீயும் மகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இருக்கிறாரே. போனில் சொன்னால் சிரித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

“மொட்டைமாடி பைப்ப அவரே மாத்திட்டாருங்க, நல்ல கைராசி” என்று போனில் சொன்னாய். பின்னாலிருந்து மகள், “அப்பா, ஸ்பானர் எப்படிப் பிடிக்கணும்னு மாடி மாமா சொல்லிக் குடுத்தாரே!” என்று கத்தினாள். வாடகைக்கு வந்தவருக்கு என் டூல் பெட்டியைத் திறந்துவிட்டது யார்? நான் பிளம்பர் என்பது அங்கே யாருக்காவது நினைவிருக்கிறதா?

இங்கே தினமும் பத்து வீட்டுக் குழாய்களைச் சரிசெய்கிறேன். எங்கள் அறையில் ஒன்பது பேர். குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்து நான்கு மாதமாகிறது. உள்ளே போகிறவன் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். நானே மாற்றுகிறேன் என்றால், “என் கதவுல கை வெக்காத, இஷ்டம் இல்லன்னா காலி பண்ணு” என்கிறான் வீட்டுக்காரன். இப்போது நானும் அவனைப் போலத்தான் பேசுகிறேன். பேசிவிட்டுப் போகிறேன்.

திங்கட்கிழமை ஏணி கொஞ்சம் வழுக்கியது. இடது கட்டைவிரலில் கட்டுதான் பெரிது, காயம் சிறிது.

மகளின் கையைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. அவளுக்கு அளவான ஸ்பானர் நான்தான் வாங்கித் தருவேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்றாயே, அதை மட்டும் அவரிடம் சொல்லாதே. நான் வரும்வரை அடியில் வாளி வை. வைப்பேன் என்று எழுதிப் போடு.