ஏறாத மரை

டார்பெர்ட், ஹாரிஸ் தீவு
4 மார்ச் 1996

அன்புள்ள ரூரிக்கு,

உன் மனைவி இஷ்பெல் எழுதுவது. நீ கிளாஸ்கோ போய் நாலு வருடமாகிறது. கடிதம் போடாமல் இருப்பதில் உன்னை யாரும் மிஞ்ச முடியாது என்பதால் நானே முந்திக்கொள்கிறேன்.

மூன்று நாளாக மூடுபனி. கடல் எங்கே முடிகிறது, மேடு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சன்னலோரம் நின்றால் வீடே மெல்ல மிதந்து போவது போலிருக்கிறது.

தீவின் நர்ஸ் ஓய்வு பெறுகிறாள்; என்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். மறுபயிற்சியும் முடித்துவிட்டேன். ஆனால் வண்டி ஓட்டினால்தான் வேலை. கொட்டகையில் கிடந்த நம் லேண்ட் ரோவரை ஃபின்லேயின் பட்டறைக்கு இழுத்துப் போனோம். பிரேக்கை மிதித்தால் சதுப்பில் கால் வைத்தது போல் அமுங்குகிறது. பிரேக் எண்ணெய் போகிற பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்பிக்கொள்கிறதாம். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று, மூன்றையும் கழற்றிவிட்டு, எஃகுக் கம்பி பின்னிய ஹோஸ் போடச் சொன்னேன்.

"புது ரப்பரே போதும்க்கா, இந்தப் பகட்டெல்லாம் எதுக்கு?" என்றான்.

"ரப்பரை நம்பலாம்டா, என் காலைத்தான் நம்ப முடியல" என்றேன்.

பன்னிரண்டு வருடம் முன்பு ரோடலில் பிரசவம் பார்த்துவிட்டு விடியலில் திரும்பியது இன்னும் கனவில் வருகிறது. பனிக்குள் சாலை, நகராத ஆடுகள், நம் வாசல், எல்லாம் வருகின்றன. தூங்கிக்கொண்டே ஓட்டிப் பாலத்தில் இடித்தேன் என்று நீ சொன்னாயே, அந்தப் பாலம் மட்டும் வருவதே இல்லை. எனக்குப் பயம் அதுதான். அந்தப் பயத்தில்தானே சாவியையும் வேலையையும் விட்டேன்.

வண்டி எந்த வருடத்தது? வருடத்தைச் சொன்னால்தான் ஹோஸ் வரவழைக்க முடியும். காகிதங்கள் உன்னிடம்.

இஷ்பெல்

கிளாஸ்கோ
11 மார்ச் 1996

அன்புள்ள இஷ்பெல்,

வண்டி 1966. ஆனால் ஐம்பத்து மூன்று வயதில் உனக்கு எதற்கு இந்த வம்பு? அதை விற்றுவிடு. பஸ்ஸில் போகிற வேலையாகப் பார். ஓட்டியே ஆக வேண்டுமென்றால் பழைய ஹோஸே இருக்கட்டும், கழற்ற வேண்டாம்.

இங்கே ஓயாத மழை. பனிக்காலம் முழுக்க இருமினேன். நீ ஒருமுறைகூட விசாரிக்கவில்லை.

ரூரி

டார்பெர்ட்
2 ஏப்ரல் 1996

ரூரிக்கு,

இருமலுக்குத் தேன் குடி.

ஹோஸ் வந்தது. வெள்ளி ஜடை போல் பளபளக்கிறது. பின்பக்கத்து ஹோஸ் நல்ல பிள்ளையாக ஏறிவிட்டது. முன்பக்கத்து இரண்டும் ஏறவில்லை. ஃபின்லே படுத்துக் கிடந்து அரைநாள் பார்த்தான்.

"அக்கா, வண்டி அறுபத்தாறுதான். ஆனா முன் ஆக்சில் இதோடது இல்ல. இந்த வண்டி ஹோஸுக்கு இஞ்ச் மரை. அங்க இருக்கறது மில்லிமீட்டர் மரை. எண்பதுக்கப்புறம் வந்த வண்டியோட ஆக்சிலத் தூக்கி மாட்டியிருக்காங்க."

"ஆக்சில எப்ப மாத்துவாங்க?"

"வளைஞ்சா மாத்துவாங்க. வளைஞ்ச ஆக்சிலோட வண்டி பத்தடி போகாது. டிராக்டர் வெச்சுத்தான் இழுக்கணும்."

ரோடலிலிருந்து திரும்பிய அன்று மதியம் நான் எழுந்ததும் கொட்டகைக்குக் கூட்டிப்போய், நெளிந்த பம்பரையும் உடைந்த விளக்கையும் காட்டினாய். நான் கீழே குனிந்து பார்க்கவில்லை. பம்பர் மாற்ற என்று ஸ்டார்னவேக்குக் கொண்டுபோனாய், பத்து நாள் ஆயிற்று. ஆக்சில் வளைந்த வண்டியை நான் பாலத்திலிருந்து வீடுவரை எப்படி ஓட்டி வந்தேன் ரூரி? நான் ஓட்டி வந்து, நிறுத்தி, இறங்கினேன். அது எனக்கு நினைவிருக்கிறது.

இடித்தது யார்?

இஷ்பெல்

கிளாஸ்கோ
9 ஏப்ரல் 1996

இஷ்பெல்,

நான்தான். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். முந்தின நாள் கல்யாண வீட்டில் குடித்தது இறங்கவில்லை. புகையிலை வாங்கப் போய்ப் பாலத்தில் இடித்தேன்; டிராக்டர் வைத்துக் கொட்டகைக்கு இழுத்து வந்தேன். தெரிந்திருந்தால் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற என் வேலை அன்றே போயிருக்கும். நீ அசந்துபோய் வந்திருந்தாய், நீ இடித்ததாகச் சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள் என்று தோன்றியது. ஒரு வாரம் கழித்துச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் நீ சாவியைக் கொடுத்துவிட்டாய். பிறகு சொல்ல வாய் வரவில்லை. உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் இங்கே வந்தேன்.

27ஆம் தேதி சனிக்கிழமைப் படகில் வருகிறேன். படகுத்துறைக்கு வருவாயா?

ரூரி

டார்பெர்ட்
22 ஏப்ரல் 1996

ரூரிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல்முறை அழுதேன். அடுத்த முறை வந்த கோபம் இன்னும் போகவில்லை. இந்தப் பன்னிரண்டு வருடத்தில் பிறந்த பிள்ளைகள் என் வாசல் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். அதில் ஒன்றைக்கூட நான் கையில் வாங்கவில்லை.

முன்பக்கத்துக்குப் பொருத்தமான மரையோடு வேறு ஹோஸ் வந்து மாட்டியாயிற்று. நேற்று முன்தினம் தனியாக மேட்டுச் சாலையில் ஏறி இறங்கினேன். பனி கலைந்து, கீழே கடல் பால் போல் கிடந்தது. இறக்கத்தின் நடுவில் வேண்டுமென்றே பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு படகு ஓடாது, சனிக்கிழமை வந்தால் திங்கள்வரை திரும்பப் படகில்லை என்று தெரிந்துதானே நாள் பார்த்தாய்? வா, தடுக்கவில்லை. ஹோட்டலில் அறை கிடைக்கும். படகுத்துறையிலிருந்து பஸ் இருக்கிறது.

நான் வரமாட்டேன். அன்று லெவர்பராவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறது. காலையிலேயே வண்டியை எடுக்க வேண்டும்.

இஷ்பெல்