முகூர்த்தப் புடவையில் வெட்டிய முக்கோணங்கள்

என் கஸ்தூரி அக்காவுக்கு, துணியைத் தொட்டாலே உன் குரல் கேக்கற தனம் எழுதறது.

நீ போய், காரியமும் முடிஞ்சு, வந்த சனமெல்லாம் பஸ் ஏறிப் போயாச்சு. என் கோவம் மட்டும் போகல. யார்கிட்ட சொல்ல? இந்த வீட்டுல நான் வாயத் தொறந்தா "தனத்துக்கு பிரஷர் ஏறிடுச்சு"ன்னு ஒரு டம்ளர் மோரக் கொண்டாந்து நீட்டறாங்க. அதனால உனக்கே எழுதறேன். நீதான் கேட்டாவணும்.

அன்னிக்கு நீ நடுவுலதான் படுத்திருந்தே, ஆனா நடந்தது உனக்குத் தெரியாதே. உன்னைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசி, டிரங்குப் பெட்டியிலேர்ந்து உன் முகூர்த்தப் புடவைய எடுத்தோம். சுமங்கலியா போறவளுக்கு அதக் கட்டித்தானே அனுப்புவாங்க. புடவைக்கு ஒண்ணும் குறையில்ல. ரவிக்கைதான் ஏறல. நீர் கோத்து உன் கை ரெண்டும் அப்படி வீங்கியிருந்துச்சு, முழங்கையத் தாண்ட மாட்டேன்னுச்சு. அப்ப நம்ம அத்தை, உனக்கும் எனக்கும் ஒரே மாமியாரா வாச்ச மவராசி, என்ன சொன்னாங்க தெரியுமா?

"விடுங்கடி. புடவைய இழுத்துப் போத்திட்டா ஆச்சு. போற கட்டைக்கு ரவிக்கை எதுக்கு? யாரு பாக்கப் போறா?"

சுத்தி நின்ன பொம்பளைங்க எல்லாம் "ஆமா ஆமா"ன்னு தலைய ஆட்டினாங்க, அக்கா. ஒருத்தி வாயிலேர்ந்தாவது "ஐயோ"ன்னு வரணுமே! ஆரணிப் பட்டுன்னு ஊரெல்லாம் பேரு. அந்தப் பட்டை நெய்யற வீட்டுல மூத்த மருமவள ரவிக்கை இல்லாம தெருவுல தூக்கிப் போறதாம். எனக்கு உச்சி மயிரு வரைக்கும் எரிஞ்சுது.

நாம ரெண்டு பேரும் முதமுதல்ல பேசிக்கிட்டதே ஒரு ரவிக்கையாலதான், இல்ல? எமர்ஜென்சி சமயத்துல என் கல்யாணம். பெரணமல்லூர்லேர்ந்து நாங்க வந்து சத்திரத்துல இறங்கினோம். முகூர்த்தப் புடவை உங்க வீட்டுத் தறியில உன் வீட்டுக்காரர் நெய்ஞ்சது. அதோட சேர்ந்து வந்த ரவிக்கைத் துணியயும் என் அளவு ரவிக்கையயும் கடைத்தெரு டெய்லர்கிட்ட முன்னாடியே குடுத்திருந்தாங்க. அந்த ஆளு வெட்டாமலே திருப்பிக் கொண்டாந்துட்டான். "துணி பத்தாதுங்க. கைக்கு வேற துணி ஒட்டுப் போட்டுக்கலாம்"ன்னான்.

அத்தை என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பாத்தாங்க. "துணி என்ன பண்ணும் பாவம், பொண்ணு உடம்பு அப்படி"ன்னாங்க. எங்கம்மா எதிர்ல, எங்க சித்திங்க எதிர்ல. தலை நிறைய பூவ வெச்சுகினு நான் சுவத்தப் பாத்துத் திரும்பி அழுதேன். நான் குண்டா பொறந்தது யார் குத்தம்? துணிக்குக் குத்தம் இல்ல, டெய்லருக்குக் குத்தம் இல்ல, எனக்குத்தான் குத்தமா?

அப்பதான் நீ வந்தே. கக்கத்துல பழைய பேப்பர் கத்தை, கையில ஜாமெட்ரி பாக்ஸ். கல்யாணப் பொண்ணப் பாக்க ஜாமெட்ரி பாக்ஸோட வந்தவ உலகத்துலேயே நீ ஒருத்திதான். "நான் உன் மூத்த ஓர்ப்படி. சேத்துப்பட்டுல பதினொண்ணாவது வரைக்கும் படிச்சவ, கணக்குல எப்பவும் நான்தான் முதல்"ன்னு பெருமையா சொல்லிட்டு, "கையத் தூக்கு, அளக்கணும்"ன்னே. நான் வெக்கப்பட்டு சுருங்கினேன். "மூச்ச அடக்காத. அடக்கினா அளவு பொய் சொல்லும். நீ இருக்கற மாதிரி நில்லு"ன்னு அதட்டினே.

அளந்ததப் பேப்பர்ல வரைஞ்சே. முதுகு, முன்பக்கம் ரெண்டு, கை ரெண்டு, எல்லாத்தயும் தனித்தனியா வெட்டித் துணி மேல பரப்பினே. டெய்லர் வாசப்படியில நின்னு சிரிச்சான். நீ அவன உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேட்டியே, அது இன்னும் என் காதுல இருக்கு.

"துணிய ரெண்டா மடிச்சுதானே வெட்டுவே?"

"ஆமாங்க, எப்பவும் அப்படித்தான். ரெண்டு கையும் ஒரே வெட்டுல ஜல்தியா வந்துடும்."

"வேலை உனக்கு ஜல்தி. துணி எங்களுக்கு நஷ்டம். மடிச்சா ரெண்டு கையும் ஒரே கரைமேல வந்து உக்காரும். இவ கைக்கு அந்தக் கரை நீளம் காணாது. துணிக்கு ரெண்டு பக்கமும் கரை இருக்கே, கண்ணு தெரியலயா? மடிக்காதே. ஒரு கைய இந்தக் கரையில வை, இன்னொண்ண எதிர்க்கரையில தலைகீழா வை. அது பள்ளம் விட்ட எடத்துல இது மேடு போய் உக்காரும்."

பேப்பர நகத்தி நகத்தி வெச்சுக் காட்டினே. முன்பக்கத்த நேரா வெட்டினா மாருல பிடிக்கும், குறுக்கத்தான் வெட்டணும்னு துணி மூலைய மடிச்சு, ஓரத்தோட ஓரம் சேத்து, செங்கோணத்துல பாதிய அப்படியே கண்ணு முன்னால கொண்டாந்தே. எல்லாத் துண்டும் உக்காந்துச்சு. அத்தை மட்டும் கத்தினாங்க: "பட்டுடி அது! கத்திரி வெச்சா திரும்ப ஒட்டுமா?"

"நெய்ஞ்சது உங்க புள்ள, வெட்டறது உங்க மருமவ. நடுவுல உங்களுக்கு என்ன பேஜாரு?"ன்னுட்டு வெட்டிட்டே. மிஞ்சின துண்ட டெய்லர் மூஞ்சிக்கு எதிர்ல ஆட்டிக் காட்டி, "இது பத்தாம போன துணியோட மிச்சம்"ன்னு சொன்னே பாரு, எங்க சித்தி கைதட்டினா. அந்த நிமிஷமே எனக்கு இந்த வீட்டுல ஒரு ஆளு இருக்குன்னு தெரிஞ்சு போச்சு. மறுநாள் தாலி கட்டினவர நான் பாத்ததே அப்புறம்தான்.

உன்னைப் பத்தி நல்லதா மட்டும் எழுதினா நீயே நம்ப மாட்டே. என் மவ சுமதிக்குக் குடைப் பாவாடை வெட்டின கூத்த மறக்க முடியுமா? "இடுப்புச் சுத்தளவ ஆறேகாலால வகுத்தா ஆரம், அவ்ளோதான் விஷயம்"னு பீத்திகினே. துணிய நாலா மடிச்சு, மூலையில நான் நூல அழுத்திப் பிடிக்க, மறுமுனையில சாக்பீஸக் கட்டி நீ வளைச்சே. கோடு என்னவோ அழகாத்தான் வந்துச்சு. கொக்கிப் பட்டிக்கு ரெண்டு ஓரமும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறணுமேன்னு அந்தக் கோட்ட விட்டுத் தாராளமா தள்ளி வெட்டினே. போட்டுகினு பள்ளிக்கூடம் போன பொண்ணு இடுப்பப் பிடிச்சுகினே திரும்பி வந்தா. உடனே பழி யார் மேல? "நூல லூசா பிடிச்சது தனம்." நாள் முழுக்க நாம பேசிக்கல. பேச்சு வந்ததே தறி மேல மழை ஒழுகினதாலதான். ஓட்டுச் சரிவுக்கு அளந்து தார்ப்பாய் வெட்டணுமே, நூல் பிடிக்க நான் வேணுமே உனக்கு!

அப்படி ஊருல இருக்கற எல்லாத்தயும் அளந்தியே, உன் கால் வீங்கினத ஏன் அளக்கல? ரவிக்கை உள்தையல பிரிச்சுப் பிரிச்சு விட்டுகினு இருந்திருக்கே. நீ போனப்புறம் உன் கொடியில தொங்கின ரவிக்கைங்களப் பாத்தேன். ஒவ்வொண்ணுலயும் பிரிச்ச தையல் தடம், ஓரத்துல விட எடமே இல்லாத வரைக்கும். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடி பாவி? "சோத்து உடம்பு"ன்னு அத்தை கிண்டல் பண்ணப்ப நீயும் சேர்ந்து சிரிச்சியே. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போனப்ப நோவெல்லாம் முத்திப் போச்சுன்னாங்க. இந்தக் கோவத்த நான் யார் மேல காட்ட? உன் மேலதான் காட்டுவேன். கேட்டுக்க.

அன்னிக்கு விஷயத்துக்கு வரேன். "யாரு பாக்கப் போறா"ன்னு அத்தை கேட்டதும், "நான் பாப்பேன்"ன்னேன். குரல் எப்படி வந்துச்சோ, எல்லாரும் ஒதுங்கினாங்க. உன் ரவிக்கைய ரெண்டு பக்கமும் கையோரத்துலேர்ந்து அக்குள் வழியா இடுப்பு வரைக்கும் பிரிச்சேன். பிரிச்சதும் கை உள்ள போச்சு, ஆனா நடுவுல வாய் பொளந்த மாதிரி இடைவெளி. நூலால அளந்தேன். கையோரத்துல சும்மா நூலளவு, அக்குள்ல ஜாஸ்தி, திரும்ப இடுப்புல நூலளவு. அப்ப ஒரு பக்கத்துக்கு ரெண்டு முக்கோணம், அகலமான அடி ரெண்டும் அக்குள்ல சேரணும். மொத்தம் நாலு. நீளத் துண்டு ரெண்டு எடுத்து மூலைக்கு மூலை வெட்டினா நாலு முக்கோணம் கிடைச்சுடும். கணக்கு சரி. துணி?

உன் புடவையும் என் புடவையும் ஒரே அரக்குக் கலரு, ஒரே கை நெய்ஞ்சது. பீரோவத் தொறந்து என் முகூர்த்தப் புடவைய எடுத்து, இடுப்புல சொருகற முனையில கத்திரிய வெச்சேன்.

அத்தை நெஞ்சுல அடிச்சிகினாங்க. "அடிப்பாவி! கட்டினவன் உசுரோட இருக்கறப்ப முகூர்த்தப் புடவையில கத்திரியா? என் புள்ளைக்கு ஆகாதுடி!"

"ஒரு மருமவள வாரிக் குடுத்துட்டு உக்காந்திருக்கோம், இனிமே என்ன ஆகணும்?"னு கேட்டேன். வாசல்லேர்ந்து ஆம்பளைங்க "பொழுது சாயுது, ஜல்தி ஆவட்டும்"னு சத்தம் போட்டாங்க. பாடை தயாரா இருக்காம், மேளக்காரன் காத்திருக்கானாம். காத்திருக்கட்டும்! அவங்க அவங்க கல்யாணத்துக்குச் சட்டை தெக்க டெய்லர் கடையில எத்தினி நடை நடந்தாங்க. உனக்கு நாலு முக்கோணம் தெக்கற நேரம் காத்திருக்க முடியாதா? "கதவச் சாத்துங்க"ன்னேன். எங்க வீட்டுக்காரரே வந்து வெளியிலேர்ந்து சாத்தினாரு. அந்த ஒரு காரியத்துக்காக அவரு மேல எனக்கு மரியாதை கூடிடுச்சு.

உன் உடம்பு மேலயே வெச்சுத் தெச்சேன், அக்கா. ஊசி உனக்குக் குத்திடுமோன்னு ஒவ்வொரு தையலுக்கும் விரல அடியில குடுத்தேன். குத்தினா என்ன, உனக்கா வலிக்கப் போவுது? ஆனாலும் குடுத்தேன். குறுக்க வெட்டின ஓரம் ஒரு பக்கத்துல முன்னால வந்துச்சு, இன்னொரு பக்கத்துல பின்னால போயிடுச்சு. நீ இருந்தா அதுக்கு ஒரு பாட்டம் திட்டியிருப்பே. கடைசிக் கொக்கி வரைக்கும் மாட்டினேன். எங்கயும் பிடிக்கல. நீ நீயா இருந்தே.

காரியத்தன்னிக்கு சொந்தக்காரப் பொம்பளைங்க என்னப் பாத்து, "பொணத்துக்குத் தெச்ச டெய்லரம்மா"ன்னு சிரிச்சாங்க. சிரிக்கட்டும், அவங்க வாய்க்கு நான் எத வெட்டித் தெக்க? அத்தை எங்கிட்ட பேசறதயே விட்டுட்டாங்க. சோறு போட்டா சாப்பிடுவாங்க, தட்ட நகத்துவாங்க, அவ்ளோதான்.

நேத்து மத்தியானம் வீட்டுல யாரும் இல்ல. சுமதி பள்ளிக்கூடம் போயிருந்தா, எங்க வீட்டுக்காரரு கடைத்தெருவுக்குப் போயிருந்தாரு. தறிப்பக்கம் உக்காந்து தலையணை உறைக்கு அளந்துகினு இருந்தேன். அத்தை வந்து எதிர்ல நின்னாங்க. கையில அவங்களோட பழைய பட்டு ரவிக்கை.

"தனம்"னாங்க. ரவிக்கைய விரிச்சுக் காட்டினாங்க. அப்புறம், "இது எனக்கு இப்பவே பத்தல. நான் போறப்ப... எனக்கும் அந்த மாதிரி பண்ணி விடுவியா? என்னை சும்மா போத்தி அனுப்பிடாத"ன்னாங்க.

"போற கட்டைக்கு எதுக்கு"ன்னு திருப்பிக் கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. உன் மேல ஆணையா வந்துச்சு. ஆனா அந்த அம்மா ரெண்டு கையயும் லேசாத் தூக்கி, அளந்துக்கோன்னு நின்னாங்க. மூச்ச அடக்கிகினு.

"மூச்ச விடுங்கத்தே. கையயும் கீழ போடுங்க. இப்ப அளக்க மாட்டேன்"ன்னேன். அவங்க முகம் செத்துப் போச்சு. "இன்னிக்கு அளந்து என்ன பிரயோசனம்? அன்னிக்கு உங்க உடம்பு எப்படி இருக்குதோ, அத அளந்துதான் வெட்டுவேன். என் புடவையில இன்னும் துணி இருக்கு"ன்னு சொன்னேன். அத்தை அப்படியே தறிக்கட்டையில உக்காந்து அழுதாங்க. நான் சமாதானம் பண்ணல. எழுந்தும் போகல. பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.

என் கோவம் ஆறிடுச்சுன்னு நெனைக்காத, ஆறாது. ஆனா உனக்கு ஒரு வாக்கு குடுக்கறேன். நான் உசுரோட இருக்கற வரைக்கும் இந்த வீட்டுலேர்ந்து எந்தப் பொம்பளையும், அவ யாரா இருந்தாலும், என்னைப் பேசினவளாவே இருந்தாலும், அளவு எடுக்காம வாசப்படி தாண்ட மாட்டா.

இப்படிக்கு,
ஒரே அரக்குப் பட்டுல உன்னோட பங்காளியான
உன் இளைய ஓர்ப்படி தனம்,
ஆரணி.