மணம் தெரியாமல் போட்ட ஒயின்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பா நலம், வீடும் நலம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. என்னைப் பற்றி மட்டும் ஒரே வரியில் நலம் என்று எழுத முடியவில்லை. போனில் சொன்னால் நீ பதறுவாய், உடனே நான் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் தாளை எடுத்தேன். உட்கார்ந்து எழுதலாம் என்றால் உட்காரவும் முடியவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்துபோய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்கிறேன், திரும்பி வந்தால் மறுபடியும் சந்தேகம்.

மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்ததே, அது போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பு, பெட்ரோல், அப்பாவின் வியர்வைச் சட்டை எல்லாம் எனக்கு இப்போது ஒன்றுதான். நாக்கில் உப்பு, புளிப்பு, இனிப்பு என்று தெரிகிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. டாக்டர், வரலாம், வராமலும் போகலாம், தினமும் எதையாவது முகர்ந்து பழகுங்கள் என்றார். வேலையில், ஆஸ்பத்திரி சமையலறையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. தலைமைச் சமையல்காரிக்கு வாசனை தெரியாது என்றால் வைத்துக்கொள்வார்களா? கை அளவு இருக்கிறது, கண் இருக்கிறது என்று சமாளித்தேன்.

அந்தச் சமயத்தில் அப்பா வண்டியில் ஏற்றிப்போன கறுப்புத் திராட்சைப் பெட்டி ஒன்று நசுங்கிப்போய், கடைக்காரர் நீங்களே கொண்டுபோங்கள் என்று விட்டுவிட்டார். மாடி வீட்டில் தைக்கிற பெண் அதைப் பார்த்துவிட்டு, ஒயின் போடுங்கக்கா, ரொம்பச் சுலபம் என்று படியில் நின்றபடியே செய்முறை சொன்னாள். தினமும் ஒவ்வொரு வாசனையாக மாறும் என்று அவள் சொன்னதும் எனக்குப் பொறி தட்டியது. டாக்டர் சொன்ன மருந்து ஜாடியிலேயே கிடைக்கிறதே. காம்பு கிள்ளி, அழுகினதைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, கழுவித் துடைத்து, கையாலேயே பிசைந்தேன். சர்க்கரையும், கொதித்து ஆறிய தண்ணீரும், ஒரு சிட்டிகை ஈஸ்டும் சேர்த்து, பொங்கி வழியாதபடி மேலே இடம் விட்டுத் துணி கட்டினேன். மறுநாளே நுரை. காதை வைத்தால் உள்ளே யாரோ கூடிக் குசுகுசுவென்று பேசுவதுபோல ஒரு சத்தம். ஆனால் மூக்கை வைத்தால் வெறும் காற்றுதான்.

நுரை அடங்கினதும் வடிகட்டி, பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி மூடிவிட வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். எனக்கு மனசு வரவில்லை, மூடிவிட்டால் எதை முகர்வது? வேலைக்குப் போகும்முன், வந்ததும், பாத்திரம் தேய்க்கும் நடுவில் என்று கை சும்மா இருக்காமல் திறந்து திறந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அப்பாவைக் கூப்பிட்டு என்ன வாசனை என்று கேட்பேன். முதலில் ரொட்டி மாதிரி என்றார், பிறகு பழுத்த பழம் மாதிரி என்றார், அப்புறம் நான் கேட்டு முடிப்பதற்குள் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு நகர ஆரம்பித்தார். எனக்கும் லேசாக ஏதோ தெரிகிறாற்போலக்கூட இருந்தது.

ஒரு சாயங்காலம் தையல்காரப் பெண், எனக்குக் கொடுத்திருந்த கத்தரிக்கோலைத் திருப்பிக் கேட்டு வந்தவள், கதவைத் தாண்டினதும், என்னக்கா, வினிகர் போட்டிருக்கீங்களா என்றாள். ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்தேன். சரியான காடி. அவள் போனதும் அப்பாவைப் பார்த்தேன், அவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றார். "நீ அந்த ஜாடியை அவ்வளவு நம்பிட்டு இருந்த. கெட்டுப்போச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றார். கோபத்தில் ஜாடியைத் தூக்கி மூலையில் வைத்தேன். படுத்தாலும் புரண்டுகொண்டே இருந்தேன்.

மறுநாள் வேலையில் பெரிய பால் பாத்திரத்தின்முன் கரண்டியோடு நின்றேன், கை ஓடவில்லை. பால் கெட்ட வாசனையோ அடிப்பிடித்த வாசனையோ வந்தாலும் எனக்குத் தெரியாதே. வீட்டில் அப்பா என்றால், இங்கே உதவிக்கு நிற்கிற பெண்களும் என் முகத்துக்குப் பயந்து சரியா இருக்கு என்றுதானே சொல்வார்கள்? குடிக்கப்போவது எழுந்து உட்காரவும் முடியாத நோயாளிகள். கரண்டியை வைத்துவிட்டு மேற்பார்வை அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்களா வந்து சொன்னீங்க பாருங்க, அது போதும். இப்போதைக்கு அடுப்பு வேண்டாம்" என்றார் அவர். இப்போது காய் நறுக்கும் மேசையில் இருக்கிறேன். அடுப்பில் வேறொருத்தி கிண்டும்போது என் கை துறுதுறுக்கிறது, எழுந்து எழுந்து உட்காருகிறேன். திரும்ப அங்கே விடுவார்களா, தெரியவில்லை.

காடியைக் கொண்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் துடைத்தாயிற்று, பளபளவென்று இருக்கிறது. அடுத்த ஜாடியும் போட்டிருக்கிறேன், இந்தத் தடவை ஒழுங்காக மூடி, காற்று வெளியேற மட்டும் ஒரு குழாயைத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறேன். குழாய் வாயில் முகர்ந்துவிட்டு அழுக்குத்துணி மூட்டை மாதிரி இருக்கிறது என்று அப்பா முகத்தைச் சுளித்தார். தையல்காரப் பெண் ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்கிறாள். அவர் முகம் சுளித்ததே எனக்குப் போதும், மனசு லேசானது.

கண்ணு, நீயும் போனை எடுத்ததும், நான் கேட்டு முடிப்பதற்குள், நல்லா இருக்கேம்மா என்கிறாய். எனக்கு மூக்குதான் போயிருக்கிறது, காது இருக்கிறது. கொஞ்ச நாளாக உன் குரல் சரியில்லை. மாப்பிள்ளை பெயரை நீயாகச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று? என்ன நடந்தது என்று எழுது. கெட்டுப்போயிருந்தால் கெட்டுப்போச்சு என்றே எழுது, அம்மா தாங்கிக்கொள்வேன். வர வேண்டும்போல் இருந்தால் எங்களைக் கேட்காமலே கிளம்பி வா.

அப்பாவும் நானும் உன் தலையில் கைவைத்து வாழ்த்துவதாக நினைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு, படுக்கும்முன் கேஸை மூடு. பதிலைப் போனில் சொல்லாதே, எழுது.

தபாலை எதிர்பார்த்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருக்கும்,
உன் அம்மா