நாற்பது டன் வண்டி

பிப்ரவரி 12, புதன்

அமிர்தி ஓடைப் பாலத்துக்கு இன்று கிரேன் வந்தது. "நாப்பது டன் வண்டிக்கு ஒம்பது டன் உத்திரம் இன்னாங்க மேடம், வடை மாதிரி" என்று சிரித்தார் மேஸ்திரி வடிவேலு. எல்லோரும் வண்டியை அதன் பெரிய எண்ணால்தான் அழைக்கிறார்கள். கை நீள நீளத் தூக்கும் சக்தி குறைவது அந்தப் பெயரில் இல்லை. இப்போது நிற்கும் இடத்திலிருந்து உத்திரம் வைக்கும் இடம் பதினான்கு மீட்டர். அந்தத் தூரத்துக்கு ஏழு டன்தான் தாங்கும். ஓட்டுநர் தீர்த்தகிரிக்கு அது தெரியும். பாதுகாப்புப் பொறியாளர் நான் அளந்து சொன்னால்தான் தூக்குவார்.

மண்ணைக் கெட்டிப்படுத்தி வண்டியை ஓடையருகே நகர்த்த வேண்டும். நான்கு நாளாகும். மேலாளர் ஆனந்தனிடம் சொன்னேன். கல்லூரியில் என் வகுப்புத் தோழன். "நீ சொன்னா சரி" என்றான்.

பிப்ரவரி 13, வியாழன்

நாளை வேலூரில் கண் பரிசோதனை. ஒரு நாள் விடுப்பு.

பிப்ரவரி 14, வெள்ளி

தூக்கியிருக்கிறார்கள்.

கண்ணில் மருந்து விட்டிருந்தபோது வடிவேலுவின் போன். வண்டி சாய்ந்து உத்திரம் ஓடையில் விழுந்துவிட்டது. தீர்த்தகிரிக்குத் தோள் எலும்பு முறிவு. உயிர் இருக்கிறது — உயிர் இருக்கிறது.

பிப்ரவரி 15, சனி

ஆஸ்பத்திரியில் தீர்த்தகிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி திரௌபதிதான் பேசினார்.

"நீங்க போன்ல சரின்னுட்டதா ஆனந்தன் சார் சொன்னாராம். எச்சரிக்கை மணி அடிச்சிச்சாம். அது கெட்டுப்போன மணின்னு மேடமே சொல்ட்டாங்கன்னாராம். உங்கள நம்பித்தாங்க தூக்குனாரு."

நான் சொல்லவில்லை என்றேன். நான் எப்போது போன் செய்தேன்?

பிப்ரவரி 17, திங்கள்

'ஓட்டுநர் எச்சரிக்கையை மீறினார்.' ஆனந்தன் எழுதிய அறிக்கையில் என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தான்.

"எம் பேர எதுக்குடா இழுத்த?"

"ஹெட் ஆபீஸ் பெரியவங்க பாக்க வர்றாங்க, வேலை நிக்குது. நான் சொன்னா அந்தாளு தூக்க மாட்டான். நீ சொன்னா தூக்குவான்." பாராட்டுவது போலச் சொன்னான்.

இருபத்தேழு வருஷப் பழக்கம். எம் பேர வெச்சி ஒரு மனுசனக் கொல்லப் பாத்தியேடா.

கையெழுத்துப் போடவில்லை. நடந்ததை எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

மே 5, திங்கள்

ஆனந்தனுக்கு வேறு தளம், பதவி அப்படியே. தீர்த்தகிரி மேல் குற்றமில்லை என்று முடித்துவிட்டார்கள். இன்று வேலைக்கு வந்தார். கிரேன் ஓடையருகே கெட்டி மண்ணில் நிற்கிறது. தூக்குவதற்கு முன் இறங்கி வந்து தானே டேப்பை இழுத்தார். மறுமுனையைப் பிடிக்கக் கை நீட்டினேன்.

"வடிவேலு, நீ வந்து புடி."

அளந்தார். எந்தத் தூரத்துக்கு எவ்வளவு எடை என்ற அட்டவணையைப் பார்த்தார். ஏறிப் போனார். முறைப்படி ஓட்டுநர் அப்படித்தான் செய்ய வேண்டும். நான்தான் ஓட்டுநர்களுக்கு அதை வகுப்பெடுத்தேன்.